அனுமதி கொடுத்தவள்

"சாமி பக்கத்துல ஏம்மா ஜட்டி விக்கிறாங்க?"

ஜோதி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அம்மாவின் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு, அம்மா போனில் ஓர் இணையதளத்தில் படிக்கும் அன்றைய பைபிள் வாசகத்தை அவளும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். மேலே மாதா படம், நடுவில் இரண்டு வரி வாசகம், அதன் கீழே மார்பை நிமிர்த்தி நிற்கும் ஓர் ஆணும் அவன் போட்டிருக்கும் ஒரே துணியும், அதற்குக் கீழே மறுபடி இரண்டு வரி வாசகம்.

சவுரியம்மாள் சிரித்துவிட்டாள். "அவங்களுக்கும் பொழப்பு நடக்கணும்ல, கண்ணு" என்று சொல்லி, கட்டைவிரலை அந்த ஆள்மேல் வைத்து மூடிக்கொண்டு மீதியைப் படித்தாள்.

அதற்குப் பிறகு ஏழு வருடமும் அவள் அப்படித்தான் படித்தாள். விளம்பரம் எங்கே வந்தாலும் விரலால் மூடுவாள். ஒன்று என்றால் கட்டைவிரல் போதும். வர வர மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்திலிருந்து நழுவி வருவது ஒன்று என்றாகிவிட்டது. கை முழுவதும் வைத்தாலும் மறைக்க முடியவில்லை. வாசகம் அந்த இடுக்குகளில் ஒண்டிக்கொண்டிருந்தது, வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரனைப் போல.

புத்தகத்தில் படிக்கலாமே என்று கேட்பீர்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஏழு வருடமாக மேல்தோல் துண்டுகளின் ஓரத்துக்குப் பசை தடவி மடிப்பது அவள் வேலை. டியூப் லைட்டுக்கடியில் எட்டு மணி நேரம் கறுப்புத் தோலில் கறுப்பு ஓரத்தைத் தேடித் தேடிக் கண் மங்கிவிட்டது. போனில் என்றால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தேதி போட்டால் அன்றைக்கு உரியது தானே வந்து நிற்கும், பக்கம் தேட வேண்டாம். அதனால் அந்த இணையதளத்தை அவள் விட முடியவில்லை.

கண்ணோடு விரலும் போயிருந்தது. பசை படிந்து, காய்ந்து, சுரண்டி, மறுபடி படிந்து, விரல் நுனிகள் செருப்பின் அடித்தோல் மாதிரி ஆகிவிட்டன. ரேஷன் கடையில் ரேகை விழாது. போனில் பெருக்கல் குறி ஒன்று கடுகளவு வைத்திருப்பார்கள், விளம்பரத்தை மூடுவதற்கு. அவள் விரல் அந்தக் கடுகின்மேல் விழுவது பத்துக்கு ஒரு தடவை. மற்ற ஒன்பது தடவையும் விளம்பரமே திறந்துகொள்ளும்.

ஒரு நாள் மூடியும்விட்டாள். உடனே அது பணிவாகக் கேட்டது: இந்த விளம்பரத்தை ஏன் மூடினீர்கள்? அவள் நேர்மையாக 'பொருத்தமற்றது' என்பதை அழுத்தினாள். நன்றி என்று வந்தது. மறுநாள் காலையில் அதே விளம்பரம் வந்தது.

இன்னொரு நாள் வாசகத்தின் மேலேயே ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. 'அறிவிப்புகளைக் காட்ட அனுமதிக்கவா?' 'அனுமதி' என்பது பெரிய நீலப் பொத்தான். 'வேண்டாம்' என்பது இருந்ததோ இல்லையோ, அவள் கண்ணுக்குப் படவில்லை. வேலைக்குப் புறப்பட ஐந்து நிமிடம் இருந்தது. வாசகம் தெரிந்தால் போதும் என்று நீலத்தை அழுத்தினாள்.

அவள் செய்த பாவம் அவ்வளவுதான்.

*

புதன்கிழமை தோறும் அவர்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். அன்பியக் கூட்டம் என்பார்கள். அதன் தலைவர் இன்பராஜ். முப்பத்தெட்டு வயது, பி.காம். படித்தவர், அவள் வேலை செய்யும் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனிக்குள் அவரை அவள் 'சார்' என்பாள், தெருவில் 'தம்பி' என்பாள். ஏழு வருடத்துக்கு முன் அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் போனபோது, கம்பெனி வாசலுக்கு அவளைக் கூட்டிப்போய், "எங்க தெருப் பொண்ணு சார், இதுக்கு நான் பொறுப்பு" என்று மேனேஜரிடம் சொன்னவர் அவர்தான். அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் அவளும் ஜோதியும் என்ன ஆகியிருப்பார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். அதை அவள் மறந்ததில்லை. அவரும் மறந்ததில்லை.

கூட்டத்தில் வாசகம் வாசிப்பது சவுரியம்மாள். அவளுக்கு நல்ல குரல். கணீரென்று, அவசரமில்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிப்பாள். பசை மேசையில் ஒருத்தியாக, விதவையாக, வாடகை வீட்டுக்காரியாக இருக்கிறவள், அந்த ஐந்து நிமிடம் மட்டும் இருபது பேர் வாய் மூடிக் கேட்கும் ஒருத்தியாக இருந்தாள். இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையைக் கடவுள் பொறுத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் இரண்டாவது புதன். கூட்டம் இன்பராஜ் வீட்டில். பளபளவென்று டைல்ஸ் போட்ட கூடம். ஜோதி அம்மாவுக்கு எதிரே, தன் வகுப்புப் பெண் ஒருத்தியுடன் உட்கார்ந்திருந்தாள். சவுரியம்மாள் எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினாள். நாலாவது வரியில் திரை இருண்டது. ஒரு பெண், அரை உடம்பு திறந்தபடி, திரை முழுக்க வந்து நின்றாள். காலை ஐந்தரை மணி அலாரத்துக்காகச் சத்தத்தை முழுசாக வைத்திருந்தாள் சவுரியம்மாள்.

"தனியா இருக்கீங்களா?" என்றது போன், குழைந்த குரலில். "உங்க பக்கத்துத் தெருவுலயே உங்களுக்காக ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க..."

பெருக்கல் குறியை அழுத்தினாள். தொடுகை ஏறவில்லை. மறுபடி அழுத்தினாள். படம் இன்னும் பெரிதானது, சிணுங்கல் வேறு சேர்ந்துகொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். குரல் அங்கிருந்தும் வந்தது.

யாரோ ஒரு பெண் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சிரிப்புக்கா அருவருப்புக்கா என்று தெரியவில்லை.

"குடுங்கக்கா" என்று இன்பராஜ் போனை வாங்கி ஒரே தட்டில் அடக்கினார். அப்போதே திருப்பிக் கொடுத்திருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் கொடுக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனுக்குள் எதையோ தேடினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்னுதான் சொல்றேன். இந்த விளம்பரம்லாம் சும்மா வராது. நாம எத்தப் பாக்குறமோ அத்தத்தான் அதுவும் காட்டும். கம்ப்யூட்டர் அப்பிடித்தான் வேலை செய்யுது."

"நான் வாசகம்தான் தம்பி பாக்குறேன்" என்றாள் அவள்.

"இதோ பாருங்க" என்று போனை எல்லாருக்கும் தெரிகிறமாதிரி திருப்பிப் பிடித்தார். "'அனுமதிக்கப்பட்டது'ன்னு இருக்குது. யாரு அனுமதிச்சது?"

அவள் குனிந்து பார்த்தாள். நீலப் பொத்தான் நினைவுக்கு வந்தது. சவுரியம்மாளுக்குப் பொய் சொல்ல வராது.

"நான்தான்" என்றாள்.

"அவ்ளோதான்" என்றார் இன்பராஜ். போனை டைல்ஸ் தரையில் அவள் காலருகே வைத்தார். "புருஷன் இல்லாதவங்க. நாம யாரும் தீர்ப்பு சொல்ல வேணாம். அக்காவுக்காக ஜெபிப்போம்."

இருபது பேரும் கண்ணை மூடி அவளுக்காக ஜெபித்தார்கள். அன்றைக்கு நடந்ததிலேயே கொடுமை அதுதான். ஜோதி மட்டும் கண்ணை மூடவில்லை. தரையில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் விஷயம் கம்பெனியில் இருந்தது. கன்வேயர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற வேகம்தான்.

"இன்னா சவுரி, தனியா இருக்கீங்களா?" என்றாள் ஒருத்தி, அதே குழைவோடு.

மேசை வரிசை முழுவதும் சிரித்தது. பக்கத்து மேசை முத்துமாரியும் சிரித்தாள். அன்றிலிருந்து அதுவே பேரானது. பசை டப்பா வேண்டுமென்றால் "தனியா இருக்கீங்களா, டப்பாவை இப்பிடித் தள்ளு." தண்ணீர் குடிக்க எழுந்தால் "தனியா போறீங்களா, தொணைக்கு ஆள் வேணுமா?" கட்டிங் பிரிவிலிருந்து வண்டி தள்ளி வரும் ஆண்களும் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் சொல்லும்போது அதில் விளையாட்டு இல்லை.

சாயந்திரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஜோதி பையை மூலையில் எறிந்தாள்.

"சனிக்கிழமை ஸ்கூல்ல மீட்டிங். நீ வராத. பெரியம்மாவை அனுப்பு."

"ஏன் கண்ணு?"

"வராதன்னா வராத."

சவுரியம்மாள் பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் தவக்கால அலைச்சலில் இருந்தார். "அன்பியத் தலைவர் கிட்ட பேசிக்கோங்கம்மா" என்றார். அன்பியத் தலைவரோ பட்டியலைத் திருத்திவிட்டிருந்தார். தவக்காலத்தின் கடைசி வெள்ளியன்று கோயிலுக்குப் பின்னாலிருக்கும் சரிவில் நடக்கும் சிலுவைப்பாதை இந்த வருடம் அவர்கள் தெருவின் முறை. ஏசு சிலுவை சுமந்த பாதையின் பதினான்கு நிலைகளையும் வாசிக்க வேண்டியவள் சவுரியம்மாள். அந்தப் பேரை அடித்துவிட்டு இன்பராஜ் தன் பேரை எழுதியிருந்தார். அவள் பேர் கடைசியில் இருந்தது: மெழுகுவர்த்தி, மேசைத் துணி.

நாலு நாள் அவள் சோற்று டப்பாவைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் முத்துமாரி தன் டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி? கிண்டல் பண்றது உன்னையா, உன் கொழம்பையா? அது இன்னா பாவம் பண்ணுச்சு, தெற."

சவுரியம்மாள் டப்பாவைத் தள்ளிவைத்தாள்.

"நானும்தான் சிரிச்சேன். வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. இந்தா, கருவாடு. வேணாமா? நாப்பது நாளும் சைவமா? சரி, ஊறுகாய் தின்னு." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நெசமாவே நீ அதெல்லாம் பாக்கலையா?"

"மாரி, என் கையைப் பாரு. வாசகத்தையே ஒழுங்காத் தொறக்க முடியலடி இந்தக் கையால."

முத்துமாரி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"ஆறு மணிக்கு என்கூட வா. பஸ் ஸ்டாண்டு கிட்ட நிசார் பாய் இருக்காரு. போனு டாக்டரு. நாடி பாத்து சொல்லிடுவாரு."

*

நிசார் அஹமதுவின் கடை ஓர் ஆள் உட்கார இடம் விட்டுச் செய்த பெட்டி மாதிரி இருக்கும். ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி செருகியபடி அவர் எல்லாவற்றையும் கேட்டார். முத்துமாரிதான் சொன்னாள். சவுரியம்மாள் தலையை நிமிர்த்தவில்லை.

"அப்பிடியா சொன்னாரு அந்தப் படிச்சவரு?" நிசார் பாய் போனை வாங்கிப் பத்து நிமிடம் துழாவினார். "பாதி நெஜம்மா, பாதி பொய். கடையில பொடவை பாத்தா நாலு நாளைக்குப் பொடவையா வரும், அது நெஜம். ஆனா இந்த மாதிரி சைட்டு இருக்கு பாரு, எவன் காசு குடுத்தாலும் இடம் குடுத்துடுவான். அந்தப் படம் எல்லாருக்கும் வரும். எனுக்கு வரும், உனுக்கு வரும், உங்க சாமியாருக்கும் வரும். நீ குடுத்த அனுமதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்போ நான் பாத்ததால வரல?"

"இதுல வாசகத்தைத் தவிர எதுவுமே இல்லையேம்மா. என் பொண்ணு போன்லகூட இவ்ளோ சுத்தம் கெடையாது."

சவுரியம்மாள் அப்போதுதான் அழுதாள். நிசார் பாய் அதைப் பார்க்காதவர் மாதிரி குனிந்து வேலையைத் தொடர்ந்தார். அறிவிப்புகளுக்கான அனுமதியை எடுத்துவிட்டார். அந்தத் தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தாள் படம் இருந்தது. இத்தனை வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது. "இத்தத் தொடு" என்றார்.

அவள் தொட்டாள். ஏறவில்லை.

அவர் அவள் விரலை ஒரு கணம் பார்த்தார். போனுக்குள் போய் எதையோ மாற்றினார். "இது கிளவுஸ் போட்டவங்களுக்குன்னு வெச்சிருக்கான். லேசாப் பட்டாலும் எடுத்துக்கும். உனுக்குக் கையே கிளவுஸ் ஆயிடுச்சு. இப்போ தொடு."

தொட்டாள். ஆண், பெண், கடன், எடை குறைப்பு, எல்லாம் ஒரே மூச்சில் மறைந்தன. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தாக வாசகம் மட்டும் நின்றது. அதைச் சுற்றி எவ்வளவு இடம்! கழுவிவிட்ட கோயில் மாதிரி இருந்தது.

"இது எப்பவும் நம்ம கையிலதான் இருந்துச்சா பாய்?"

"இருக்கும்மா. சொல்ல மாட்டானுங்க. சொன்னா அவன் பொழப்பு போயிடும்ல."

அவள் யோசித்தாள். கம்பெனியில், பரிசோதித்தவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு ஜோடி மேல்தோல்கூட அடுத்த மேசைக்குப் போகாது. சீட்டு இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஏழு வருடமாக அந்தச் சீட்டின் பலத்தைப் பார்த்தவள் அவள்.

"பாய், நீ சொன்னத ஒரு சீட்டுல எழுதி சீல் வெச்சுக் குடுப்பியா?"

நிசார் பாய் கண்ணிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். "இதுக்கெல்லாம் சீட்டு கெடையாதும்மா. யாரும் மதிக்க மாட்டாங்க."

"நீ எழுது பாய்."

அவர் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார். 'இந்த போனைப் பரிசோதித்தேன். தவறான எதையும் பார்த்ததாக இல்லை. அப்படிப்பட்ட விளம்பரம் யாருக்கும் வரும்.' கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையை நன்றாக அழுத்திப் பதித்தார். காசு வாங்கவில்லை. "பட்டனைத் தட்டுனதுக்கு இன்னா காசு" என்றார்.

*

அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் சவுரியம்மாள் எழுந்து அந்தச் சீட்டை இன்பராஜிடம் நீட்டினாள். அவர் மனதுக்குள் படித்தார். பிறகு உரக்கப் படித்தார், நிறுத்த வேண்டிய இடத்தில் எல்லாம் நிறுத்தி.

"சீல் வேற குத்தியிருக்குது" என்றார். "பரிசோதித்தேன்! டெஸ்ட் பாஸ். எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பலாமா அக்கா?"

சிரிப்பு வெடித்தது. பின்னாலிருந்து ஒரு பெண், "எனுக்கும் ஒண்ணு வாங்கியாந்து குடுங்கக்கா, எங்க வூட்டுக்காரருக்கு ஆவும்" என்றாள். சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது. எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் எப்படி நிற்பது என்று தெரியாமல் சவுரியம்மாளும் சிரித்தாள். சிரித்ததைப் பார்த்தவர்கள், இவளுக்கு வெட்கமே இல்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். சீட்டு கை மாறி மாறிப் போனது. திரும்பி வரவில்லை.

எல்லாரும் போகும்வரை வாசலில் காத்திருந்தாள்.

"தம்பி, நீ படிச்சவன். உனுக்குத் தெரியும், அது எல்லாருக்கும் வரும்னு. நான் வாசிக்கலன்னாலும் பரவால்ல. எங்க பொண்ணு என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. அக்கா மேல தப்பு இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னா கேப்பாங்க."

இன்பராஜ் செருப்பை மாட்டிக்கொண்டார். அவருக்கும் அந்தத் தளம் தெரியும். அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை என்பதும் எங்கோ உள்ளே தெரிந்திருக்கலாம். ஆனால் இருபது பேருக்கு முன்னால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குவது சிலருக்கு உயிரை எடுப்பது போல.

"அக்கா, வேலையும் நானே வாங்கிக் குடுத்தேன். பேரையும் நானே வாங்கிக் குடுக்கணுமா?" என்றார். "அன்னிக்கு கம்பெனி கேட்டுல உங்களுக்காகக் கை கட்டி நின்னவன் நான். எனுக்கே வந்து பாடம் எடுக்குறீங்க. போங்க, பேஜார் பண்ணாதீங்க."

அவள் போனாள்.

*

கடைசி வெள்ளி. வெயில் தாழ்ந்த நேரம். கோயிலுக்குப் பின்னால் சரளைச் சரிவில் பதினான்கு சிலுவைகள் நட்டிருந்தன. பக்கத்துத் தெருக்காரர்களும் சேர்ந்து முந்நூறு பேருக்கு மேல் வந்துகொண்டிருந்தார்கள். முதல் சிலுவையடியில் ஒரு சின்ன மேசை. சவுரியம்மாள் அதன்மேல் ஊதாத் துணியை விரித்தாள். இன்பராஜ் வந்து தன் போனை அதன் தாங்கியில் நிற்கவைத்தார். பெரிய போன், புதியது. வாசிக்கிற நடுவில் திரை அணைந்துவிடக் கூடாது என்று அணையாமல் வைத்திருந்தார். நிலைக்கு நிலை பாட்டுப் போடுவதற்காக அதை மைக் செட்டோடும் இணைத்திருந்தார். மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி, போனின் ஒவ்வொரு தொடுகைக்கும் டிக் டிக் என்றது. "வேலை செய்யுது" என்று திருப்தியோடு சொல்லிவிட்டுச் சாமியாரை அழைத்துவரப் போனார்.

சவுரியம்மாள் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே எதேச்சையாகத் திரையைப் பார்த்தாள்.

அதே தளம். மேலே மாதா படம். முதல் நிலையின் வாசகம் இரண்டு வரி. அதன் கீழே அதே பெண், அரை உடம்போடு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். தொட்டால் ஒலியோடு பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. மூன்றாவது வரிக்குப் போக வேண்டுமென்றால் கட்டைவிரலால் மேலே தள்ள வேண்டும். தள்ளுகிற கட்டைவிரல் எங்கே விழும் என்பதைக் கணக்குப் பண்ணித்தான் அவளை அங்கே வைத்திருந்தார்கள். ஏழு வருடம் அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டியவளுக்கு அது தெரியும்.

அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். நகர்ந்து போனால் போதும். இன்னும் பத்து நிமிடத்தில் அந்தக் குரல் இந்தச் சரிவு முழுவதும், ரயில் தண்டவாளம் வரைக்கும் கேட்கும். நாம எத்தப் பாக்குறமோ அத்தத்தான் காட்டும் என்றவரின் போனிலிருந்தே கேட்கும். அதன் பிறகு எந்தச் சீட்டும் வேண்டாம், சீலும் வேண்டாம். ஜோதி, அதோ பெரியம்மாவோடு உட்கார்ந்திருப்பவள், திரும்பி அம்மா முகத்தைப் பார்ப்பாள்.

கடவுளே கொண்டுவந்து வைத்தமாதிரி இருந்தது. அவள் நகர்ந்து போனாள்.

மெழுகுவர்த்திகளைப் பிரித்து முன்வரிசைக்குக் கொடுத்துக்கொண்டே வந்தாள். முன்வரிசையில் நடுவில் இன்பராஜின் மகள், ஒன்பது வயது, தலையில் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு, அம்மாவின் போனை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

"எனக்கு மெழுகுவத்தி வேணாம் அத்தை. பிடிக்க முடியாது. நான் வீடியோ எடுக்கணும்."

"இன்னா வீடியோ, கண்ணு?"

"எங்கப்பா வாசிக்கிறத. ரெண்டு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு வாசிச்சு வாசிச்சுப் பாத்தாரு. ஆரம்பத்துல இருந்து எடுக்கச் சொன்னாரு." அவள் போனைச் சரிபார்த்து, முன்கூட்டியே எடுக்கத் தொடங்கிவிட்டாள். திரையில் காலியான மேசை தெரிந்தது.

சவுரியம்மாள் அந்தக் குழந்தையின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு சாயந்திரம், இன்னொரு பள்ளிக்கூடம், இன்னொரு பை மூலையில் விழும் சத்தம். அவள் ஒன்றும் பெரிதாக யோசித்தாள் என்று சொல்ல முடியாது. "மேசை நல்லாத் தெரியல கண்ணு, அப்புறமா எடு. அம்மாகிட்ட போயி முக்காட்டைச் சரியாக் கட்டிக்கிட்டு வா" என்று அவளை எழுப்பி அனுப்பினாள். பிறகு மேசைக்குத் திரும்பிப் போய், முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி நின்றுகொண்டாள்.

சின்னத் தாள் படத்தை ஆள்காட்டி விரலால் தொட்டாள். ஏறவில்லை. இது அவள் போன் இல்லையே. கட்டைவிரலால் அழுத்தினாள். பக்கம் கொஞ்சம் நகர்ந்து, அந்தப் பெண்ணின் முகம் விரலுக்குக் கீழேயே வந்து நின்றது. கையை வெடுக்கென்று எடுத்தாள். ஒலிபெருக்கி டிக் என்றது. பாதையில் இன்பராஜும் சாமியாரும் பேசிக்கொண்டு வரும் குரல் கேட்டது.

பசை மேசையில் எப்போதும் மேலே தூக்கியே வைத்திருக்கிற விரல் ஒன்று உண்டு. சுண்டுவிரல். அதில் மட்டும் தோல் தோலாகவே இருந்தது. அதன் நுனியை நாக்கில் ஈரம் பண்ணிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, மிக மெதுவாக அந்தத் தாள் படத்தின்மேல் வைத்தாள்.

திரை வெளுத்தது. வாசகம் மட்டும் நின்றது. அவள் அதைச் சற்றுப் பெரிதாக்கினாள், வெயிலில் தெரிவதற்காக. கண்ணாடியில் விரல் பட்ட கறையை முந்தானையால் துடைத்தாள்.

"அக்கா! அங்க இன்னா பண்றீங்க?" இன்பராஜ் எட்டி நடைபோட்டு வந்தார். "போனைத் தொட்டீங்களா?"

"துணி பறந்துச்சு தம்பி."

"தொடாதீங்க. உங்க கை பட்டு அதுல எதுனா வந்துட்டா, இத்தினி பேருக்கு முன்னாடி நான் மூஞ்சியைத் தூக்க முடியாது." மேசையின் முன்னாலிருந்த இரண்டு பெண்கள் உதட்டைக் கடித்துச் சிரித்தார்கள். "பின்னால போயி நில்லுங்க."

அவள் பின்னால் போய் நின்றாள்.

இன்பராஜ் மைக்கைத் தட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்துப் புருவத்தை ஒரு கணம் உயர்த்தினார். புதுப் போன், எதையாவது தானே செய்துகொள்ளும். வாசிக்கத் தொடங்கினார். தடங்கலில்லாமல், நன்றாகவே வாசித்தார். அவர் மகள் ஓடிவந்து இடத்தில் உட்கார்ந்து முழுவதையும் படமெடுத்தாள்.

"உங்க தலைவரு குரலு என்னமா இருக்குது" என்றாள் சவுரியம்மாளுக்குப் பக்கத்தில் நின்ற பக்கத்துத் தெருக்காரி, அவளை யாரென்று அறியாமல்.

"ஆமா" என்றாள் சவுரியம்மாள்.

கம்பெனி வாசலில் ஒரு காலையில் அவளுக்காகக் கை கட்டி நின்ற மனிதருக்கு அவள் தர வேண்டியது தீர்ந்துவிட்டது. அவருக்கு அது தெரியாது. ஜோதிக்கும் தெரியாது. எல்லாரும் முழங்காலிட்டார்கள். அவளும் மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசையில், சரளைமேல் முழங்காலிட்டாள்.